ஆங்கிலச் சொல் அரபியில் தடம் மாறும்போது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

குமரி மாவட்டத்திலிருந்து அரபு நாடுகளுக்குப் போகும் காகிதங்களில் பெரும்பாலானவை முதலில் ஆங்கிலத்தில்தான் உருவாகின்றன. தூத்தூர் மீனவரின் அனுபவச் சான்றிதழ், மார்த்தாண்டத்துச் செவிலியரின் பணிச் சான்று, நாகர்கோவில் வெல்டரின் பயோடேட்டா ஆகிய எல்லாம் ஏதோ ஒரு டிடிபி சென்டரில் ஆங்கிலத்தில் தட்டச்சாகி, அதன் பின் கைப்பேசிச் செயலி வழியாகவோ, மதரஸாவில் ஓதிய ஒருவர் வழியாகவோ அரபியாகின்றன. திரும்பி வரும் காகிதங்களைத் தொடர்ந்து திருத்திக் கொடுப்பவன் என்ற முறையில் நான் கண்டது, பழுது பெரும்பாலும் பல பொருள் கொண்ட ஆங்கிலச் சொல்லில்தான் இருக்கிறது என்பதே. அரபி இலக்கணப் பிழையால் திரும்பும் காகிதம் குறைவு.

உங்கள் காகிதத்தில் தெரியும் அறிகுறிக்கு உரிய தலைப்பை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முன்னும் செலவுள்ளதைப் பின்னும் வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. இங்கே அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது வாய்விட்டுப் படிப்பதற்காக மட்டுமே. காகிதத்தில் ஏற்றும்போது அரபு எழுத்திலிருந்தே எடுக்க வேண்டும். தமிழில் 'கல்ப்' என்று எழுதினால் அது இதயமா நாயா என்று தெரியாது, 'கராமா' என்று எழுதினால் அபராதமா கண்ணியமா என்று தெரியாது. அரபியில் இவை வெவ்வேறு எழுத்தில் தொடங்கும் சொற்கள்.

அறிகுறி: கருவி இருக்க வேண்டிய இடத்தில் பறவையோ பீரங்கி வண்டியோ நிற்கிறது

கிரேன் ஆப்பரேட்டரின் பயோடேட்டாவில் 'குர்கி' என்று வந்திருந்தால் அது கொக்கு இனத்துப் பறவை. வேண்டியது 'ராஃபிஆ'. டேங்க் கழுவும் வேலை பார்த்தவருக்கு 'தப்பாபா' என்று விழுந்திருந்தால் அவர் போர் டாங்கியைக் கழுவியிருக்கிறார். தண்ணீர் அல்லது எண்ணெய்த் தொட்டிக்கு 'கஸ்ஸான்' வேண்டும். ஆலை என்ற பொருளில் வந்த 'பிளான்ட்' செடியாகி 'நபாத்' என்று நிற்பதும், முத்திரை என்ற பொருளில் வந்த 'சீல்' கடல்நாயாகி 'ஃபுக்மா' என்று நிற்பதும் இதே வகை. அவற்றுக்கு முறையே 'மஸ்னஉ', 'கத்ம்' என்பன சரி.

*காரணம் 1: சொல் தனியாகக் கொடுக்கப்பட்டது.* பயோடேட்டா பெரும்பாலும் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தில் 'கிரேன்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பார்க்கும் செயலிக்கு எந்தப் பொருளைக் கொள்வது என்று முடிவு செய்யப் பிடிமானம் இல்லை. சரிபார்க்க, அதே சொல்லை 'கட்டுமான இடத்தில் கிரேன் இயக்கிப் பாரம் தூக்கினார்' என்பதுபோல முழு ஆங்கில வாக்கியமாக எழுதிக் கொடுத்துப் பாருங்கள். அரபுச் சொல் மாறினால் காரணம் இதுதான். கட்டத்தில் புதிய சொல்லை வைத்துவிட்டு வாக்கியத்தை அழித்துவிடலாம்.

*காரணம் 2: எல்லாம் பெரிய எழுத்து (கேபிட்டல்), சுருக்கெழுத்து.* டிடிபி சென்டர்களுக்குப் பெரிய எழுத்தின் மேல் தனிப் பிரியம். சொல் பெயர்ச்சொல்லா வினையா, ஆள் பெயரா பொருளா என்று காட்டும் அடையாளம் அதில் போய்விடுகிறது. சாதாரண எழுத்துக்கு மாற்றி, சுருக்கெழுத்தை விரித்து மீண்டும் ஓட்டுங்கள்.

*காரணம் 3: ஆங்கிலமே நம் ஊர் ஆங்கிலம்.* முந்திரி ஆலையில் வேலை செய்தவரின் சான்றில் 'நட் கிரேடிங்' என்று இருக்கும். இயந்திரத் தொழிலோடு சேர்ந்து வந்தால் அது 'ஸாமூலா', அதாவது போல்ட்டில் ஏறும் நட்டு, ஆகிவிடுகிறது. முந்திரிக்கு அரபியிலும் 'காஜூ' என்றே வழங்குவதால், ஆங்கிலத்தில் 'கேஷ்யூ' என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. குலசேகரம் பக்கத்து ரப்பர் வெட்டுக்காரருக்கு 'ரப்பர்' என்பது பள்ளிப் பிள்ளையின் அழிப்பான், 'மிம்ஹாத்', ஆகாமல் 'மத்தாத்' ஆக இருக்க வேண்டும். அவர் வேலை செய்த 'எஸ்டேட்' இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் கேட்கும். சொத்து என்றால் 'அகார்', இறந்தவர் விட்டுச் சென்றது என்றால் 'தரிகா', தோட்டம் என்றால் 'மஸ்ரஆ'. இங்கே மூன்றாவதுதான் பொருந்தும்.

இந்த அறிகுறிக்கு நான் நம்பும் சோதனை படத் தேடல். அரபுச் சொல்லை அரபு எழுத்திலேயே தேடல் பெட்டியில் ஒட்டிப் படங்களை மட்டும் பாருங்கள். அரபி ஒரு எழுத்தும் தெரியாதவர்கூடக் கொக்கையும் கிரேனையும் பிரித்துவிடுவார்.

ஆள் தேட வேண்டிய கட்டம்: கருவிப் பெயர்கள் ஒரு பக்கத்துக்கு மேல் இருந்தாலோ, ஒரே கருவியின் உறுப்புகள் வரிசையாக வந்தாலோ, வளைகுடாவில் அதே தொழிலில் இருந்து திரும்பிய ஒருவரிடம் காட்டுங்கள். இதற்குச் சட்ட மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

அறிகுறி: மீனவரின் சான்றிதழ் கரைக்கு ஏறிவிட்டது

நம் கடற்கரைக்கே உரிய பழுது இது என்பதால் தனியாகச் சொல்கிறேன். விசைப்படகை இயக்குபவரை நாம் 'டிரைவர்' என்கிறோம், சான்றிதழிலும் அப்படியே அடிக்கிறார்கள். அரபியில் அது 'ஸாயிக்' ஆகும்போது சாலையில் வண்டி ஓட்டுபவர் என்றே படிப்பார்கள். அடுத்த கேள்வி ஓட்டுநர் உரிமம் எங்கே என்பதாக இருக்கும். எழுத்து அரபியில் 'ருப்பான்' என்றும், வளைகுடாத் துறைகளில் பேச்சு வழக்கில் 'நோகதா' என்றும் படகின் தலைவரைச் சொல்வார்கள். அதிகாரபூர்வக் காகிதத்துக்கு முன்னது.

இரண்டாவது சொல் 'பேங்க்'. கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் மீன்வளம் மிகுந்த வெட்ஜ் பேங்க், 1976-ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை உடன்பாட்டிலேயே பெயர் பெற்ற கடற்பகுதி. ஆழ்கடல் சென்றவர்களின் சான்றில் அது வரத்தான் செய்யும். செயலி அதைப் பணம் போடும் 'மஸ்ரிஃப்' ஆக்கும், தவறினால் ஆற்றங்கரையைக் குறிக்கும் 'ழிஃப்ஃபா' ஆக்கும். இரண்டும் ஆகாது. பெயரை ஒலிபெயர்த்துவிட்டு, பக்கத்தில் 'மின்தகத் ஸைத்', அதாவது மீன்பிடிப் பகுதி, என்று எழுதுவதே தெளிவு.

மூன்றாவது 'நெட்'. அதைச் சம்பளச் சீட்டோடு சேர்த்துக் கீழே பார்க்கலாம்.

அறிகுறி: மருத்துவமனைக் காகிதம் நாடகக் கொட்டகை போலப் படிக்கிறது

செவிலியர் சான்று ஒன்றில் வரும் மிகச் சாதாரணமான வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'ஒர்க்டு ஆஸ் எ சிஸ்டர் இன் லேபர் வார்டு அண்ட் தியேட்டர்'. இதில் நான்கு சொற்கள் பொறி வைத்திருக்கின்றன. அகராதியின் முதல் பொருளைக் கொண்டு போனால், தொழிலாளர் பகுதியிலும் நாடக அரங்கிலும் உடன்பிறந்தாளாக வேலை செய்தார் என்று அரபியில் நிற்கும்.

'சிஸ்டர்' என்பது 'உக்த்' அன்று, 'முமர்ரிழா'. 'லேபர்' வேலையைக் குறிக்கும் 'அமல்' அன்று, பேறுகாலத்தைக் குறிக்கும் 'விலாதா'. 'வார்டு' நகராட்சி வார்டு அன்று, 'கிஸ்ம்' என்னும் பிரிவு. இரண்டும் சேர்ந்து 'கிஸ்முல் விலாதா' ஆகும். 'தியேட்டர்' என்பது 'மஸ்ரஹ்' அன்று, 'குர்ஃபதுல் அமலிய்யாத்', அதாவது அறுவைச் சிகிச்சை அறை. இந்தப் பழுதுக்குச் செலவில்லாத மருந்து, ஆங்கில மூலத்தையே திருத்துவதுதான். 'சிஸ்டர்' என்பதை 'ஸ்டாஃப் நர்ஸ்' என்றும், 'லேபர் வார்டு' என்பதை 'மெட்டர்னிட்டி டிபார்ட்மென்ட்' என்றும், 'தியேட்டர்' என்பதை 'ஆபரேட்டிங் ரூம்' என்றும் மாற்றி ஓட்டினால் செயலியும் வழிக்கு வரும். ஆனால் கையொப்பமிட்ட சான்றிதழை நாமே மாற்றக் கூடாது. மாற்றிய வடிவம் நமக்கு வழிகாட்ட மட்டுமே, சான்றிதழ் அப்படியே இருக்க வேண்டும்.

அடுத்து 'பிளட் கல்ச்சர்'. இங்கே 'ஸகாஃபா' என்று வந்தால் இரத்தத்தின் பண்பாடு என்றாகிவிடும். வேண்டியது 'மஸ்ரஅத்துத் தம்'. இதைச் சரியாக வைத்துவிட்டு, சோதனைக்காக அரபியிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்பினால், 'இரத்தப் பண்ணை' என்று வந்து பலரைக் கலங்கடிக்கும். மேலே ரப்பர் தோட்டத்துக்குச் சொன்ன அதே 'மஸ்ரஆ' தான் இது. அரபுச் சொல்லுக்கும் பல பொருள் உண்டு என்பதால் திருப்பிப் பார்க்கும் சோதனை சில சமயம் பொய்யாக மணி அடிக்கும். அப்படி வந்தால் உடனே மாற்றாமல், அந்த அரபுத் தொடரை முழுதாக இணையத்தில் தேடி, மருத்துவமனைப் பக்கங்களில் வருகிறதா என்று பாருங்கள்.

'டிஸ்சார்ஜ்' என்பதற்கு ஒரே காகிதத்தில் இரண்டு விடை இருக்கலாம். நோயாளி வீடு திரும்பியது 'குரூஜ்', புண்ணிலிருந்து வடிந்தது 'இஃப்ராஸாத்'. ஒரு சொல்லைக் கண்டுபிடித்து, காகிதம் முழுவதும் 'ரீப்ளேஸ் ஆல்' அழுத்துகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இவ்வளவுக்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி, இதை அரபியாக்கத்தான் வேண்டுமா என்பது. வளைகுடா மருத்துவமனைகளில் மருத்துவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே குறிப்பு எழுதுகிறார்கள். மருத்துவரிடம் காட்டுவதற்கு மட்டுமானால் ஆங்கிலத்தை அப்படியே கொடுப்பதே பாதுகாப்பு. இழப்பீடு, நீதிமன்றம் என்று போகும்போது தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள், செயலியைத் தொடவே வேண்டாம்.

அறிகுறி: சம்பளச் சீட்டு அல்லது ஒப்பந்தம் புரியவில்லை, அல்லது பயமுறுத்துகிறது

'நெட் சேலரி' என்ற வரிக்கு எதிரே 'ஷபகா' என்று இருந்தால், மீன்பிடி வலை சம்பளச் சீட்டுக்குள் வந்துவிட்டது என்று பொருள். பிடித்தம் போகக் கைக்கு வருவது 'ஸாஃபி'. மீனவரின் காகிதத்தில் இரண்டு நெட்டும் அடுத்தடுத்து வரும் என்பதால் இங்கே கண்ணை அகல வைத்துப் படிக்க வேண்டும்.

இந்தப் பகுதிக்கு நான் சொல்லும் முதற்சோதனை, ஆங்கிலச் சொல்லிலிருந்து நேரே அரபிக்குத் தாவாமல் நடுவில் தமிழில் ஒரு முறை நிறுத்திப் பார்ப்பது. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தமிழ் பெரும்பாலும் பிரித்துவிடும். 'பார்ட்டி' என்றால் கட்சியா, விருந்தா, ஒப்பந்தத் தரப்பா என்று தமிழில் கேட்டாலே விடை வந்துவிடும். முறையே 'ஹிஸ்ப்', 'ஹஃப்லா', 'தரஃப்'. நாம் பத்திரங்களில் எழுதும் 'தரப்பு' அரபியின் 'தரஃப்' வழியாக வந்ததே ஆகையால், முதல் தரப்பு என்பதற்கு 'அத்தரஃபுல் அவ்வல்' என்று நினைவில் வைப்பது குமரிக்காரருக்குக் கடினமில்லை. 'சார்ஜ்' என்றால் கட்டணமா, குற்றச்சாட்டா, மின்னேற்றமா? 'ருஸூம்', 'துஹ்மா', 'ஷஹ்ன்'. விசா கட்டணம் பிடித்தது குற்றச்சாட்டாக மாறிய காகிதத்தைப் படிக்கும் மேலாளர் என்ன நினைப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. 'இஷ்யூ' வெளியிட்டதா சிக்கலா? 'டேட் ஆஃப் இஷ்யூ' என்பதற்கு 'தாரீகுல் இஸ்தார்' வேண்டும், 'முஷ்கிலா' ஆகாது. 'டேட்' மட்டும் தனியாக நின்றால் பேரீச்சம்பழம், 'தம்ர்', ஆவதும் நடக்கும். அதைக் கண்டுபிடிக்க அறிவே வேண்டாம், தேதிக் கட்டத்தைப் பார்த்தால் போதும்.

தமிழில் நிறுத்தினாலும் பிடிபடாத ஒன்று 'எக்ஸிகியூஷன்'. பவர் பத்திரத்தில் 'டேட் ஆஃப் எக்ஸிகியூஷன்' என்று வருவது பத்திரம் எழுதிக் கையொப்பமிட்ட நாள். செயலி மோசமாக நடந்தால் 'இஃதாம்', அதாவது மரண தண்டனை, என்று தரும். நன்றாக நடந்தால் 'தன்ஃபீத்', செயற்படுத்தல், என்று தரும். இரண்டாவது தவறு முதலாவதைவிட ஆபத்து என்பது என் கருத்து. முதலாவதைப் பார்த்து யாரும் சிரித்துவிட்டுத் திருத்துவார்கள், இரண்டாவது கண்ணுக்குத் தப்பி அந்தத் தேதியின் பொருளையே மாற்றிவிடும். கையொப்பமிட்ட நாள் என்ற பொருளில் 'தாரீகுத் தவ்கீஉ' என்று வைப்பது தெளிவு.

'லீவ்' விடுப்பு என்றால் 'இஜாஸா', புறப்படுதல் என்றால் வேறு வினை. 'எக்ஸிட்' கதவு என்றால் 'மக்ரஜ்', நாட்டை விட்டு வெளியேறுதல் என்றால் 'குரூஜ்'. சவூதியில் 'குரூஜ் நிஹாயி', அதாவது இறுதி வெளியேற்றம், என்று கேட்ட காது இதில் ஏமாறாது.

ஆள் தேட வேண்டிய கட்டம் இங்கே சீக்கிரமே வந்துவிடும். சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் அரபியோடு வேறு மொழியும் இருந்தால், அரபு வாசகமே செல்லும். ஆங்கிலப் பக்கம் சரியாக இருக்கிறது என்ற ஆறுதல் அங்கே செல்லாது. ஆகவே சம்பளம், பிடித்தம், கால அளவு, அபராதம் ஆகியவற்றைத் தொடும் எந்த வரியிலும் ஐயம் வந்தால் கையொப்பத்துக்கு முன்பே சட்ட மொழிபெயர்ப்பாளரிடம் காட்டிவிட வேண்டும்.

அறிகுறி: ஆளின் பெயரே மாறிவிட்டது

நம் மாவட்டத்தில் பிரைட், பிரின்ஸ், ஜாய், ரோஸ் என்று பெயருள்ளவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. செயலிக்கு இவை பெயரல்ல, சொற்கள். ஜாய் 'ஃபரஹ்' ஆவதையாவது கண்டுபிடித்துவிடலாம். பிரின்ஸ் 'அமீர்' ஆனால் அது அரபியில் நல்ல ஆள் பெயராகவே இருப்பதால் ஒருவர் கண்ணிலும் படாது, கடவுச்சீட்டோடு ஒப்பிடும் அதிகாரியின் கண்ணில் மட்டும் படும். முகவரியிலும் இதே கதை. நாகர்கோவில் கேப் ரோடும் கோர்ட் ரோடும் மொழிபெயர்க்கப்படாமல் ஒலிபெயர்க்கப்பட வேண்டும்.

சரிசெய்ய, மொழிபெயர்க்கும் முன் பெயர்களையும் முகவரியையும் எடுத்துவிட்டு, அந்த இடங்களில் எண்களை வையுங்கள். முடிந்தபின் அரபு எழுத்தில் ஒலிபெயர்த்துச் செருகுங்கள். அரபியில் வல்லின 'ப' ஒலிக்கு எழுத்து இல்லை, 'பா' என்னும் மெல்லொலி எழுத்தையே இட வேண்டும். குளச்சலின் 'ச்ச' ஒலிக்கு 'தா', 'ஷீன்' என்னும் இரண்டு எழுத்துகளும் சேர்ந்து வரும். ஏற்கெனவே விசாவிலோ பழைய இகாமாவிலோ (குடியிருப்பு அனுமதி அட்டை) அரபியில் பெயர் அச்சாகியிருந்தால், அது நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அந்த எழுத்தையே அப்படியே பின்பற்றுங்கள்.

அறிகுறி: சொல் சரி, ஆனால் ஆண் பெண்ணாகிவிட்டது

ஆங்கிலத்தில் 'நர்ஸ்', 'டீச்சர்' ஆகியவற்றுக்குப் பால் இல்லை. அரபியில் 'முமர்ரிழ்' ஆண், 'முமர்ரிழா' பெண். செயலி தன் வழக்கப்படி ஒன்றைப் போட்டுவிடும். பெயருக்கு முன் 'மிஸ்டர்', 'மிஸ்' என்று சேர்த்து ஓட்டினால் பெரும்பாலும் தீரும்.

அறிகுறி: அகராதிப்படி சரி, அங்கே யாருக்கும் புரியவில்லை

இது பிழையே இல்லாமல் இருக்கலாம். டயருக்கு எழுத்து அரபியில் 'இதார்', சவூதிப் பட்டறையில் 'கஃபர்'. காகிதத்துக்கு முன்னது, கடைக்குப் போகும்போது பின்னது. ஸ்பேனருக்கு 'மிஃப்தாஹ்' என்று வந்தால் சாவி என்று திருப்பிக் காட்டும், அதுவும் சரியே. அகராதி பார்ப்பவர்கள் ஆங்கிலம்-அரபிக்கு முனீர் பஅல்பக்கீயின் 'அல்-மவ்ரித்' போன்ற ஒன்றில் எண்ணிட்ட பொருள்கள் அனைத்தையும் படித்து, தேர்ந்த சொல்லை அரபி-ஆங்கில அகராதி ஒன்றில் மறுபடி தேட வேண்டும். அந்த அகராதி வேர்ச்சொல் வரிசையில் இருந்தால் 'மக்தப்' (அலுவலகம்) என்பதை முதலெழுத்தான மீமின் கீழ் தேடிப் பயனில்லை, அதன் வேரெழுத்துகளான காஃப்-தா-பாவின் கீழ் பார்க்க வேண்டும்.

மதரஸாவில் ஓதிய ஆலிம்களிடம் காட்டுவது கோட்டாறிலும் தக்கலையிலும் எளிது, செலவும் இல்லை. வாக்கிய அமைப்பை அவர்கள் நொடியில் பிடிப்பார்கள். ஆனால் அலுவலக அரபி அவர்கள் ஓதிய கிதாபுகளில் வருவதில்லை என்பதால், தொழிற்சொல்லுக்கு அவர்களை நெருக்குவது நியாயமில்லை.

அறிகுறி: தமிழில் தெரிந்த அரபுச் சொல்லைப் போட்டும் தவறாகிவிட்டது

நாம் வழக்கறிஞரை 'வக்கீல்' என்கிறோம். அரபியில் 'வகீல்' என்பவர் முகவர், பதிலாள். வழக்கறிஞருக்கு 'முஹாமி'. ஆனால் 'பவர் ஆஃப் அட்டர்னி'யில் வரும் 'அட்டர்னி' வழக்கறிஞர் அல்லர், பதிலாள்தான். ஆகவே அங்கே 'வகாலா' சரி, 'முஹாமி' தவறு. துறை என்ற பொருளில் நாம் சொல்லும் 'இலாகா' அரபியில் தொடர்பு, உறவு என்பதாகும். இப்படி ஒலி ஒத்துவரும் சொல்லை அகராதியில் பார்க்காமல் எழுதவே கூடாது.

அறிகுறி: உறவுமுறை மாறி, வாரிசுரிமை குழம்புகிறது

இருப்பதிலேயே செலவு மிக்க பழுது இது. 'அங்கிள்' என்ற ஒரு சொல்லுக்கு அரபியில் தந்தையின் உடன்பிறந்தார் 'அம்மு', தாயின் உடன்பிறந்தார் 'கால்'. 'கசின்' என்றால் யாருடைய மகன் அல்லது மகள் என்று விரித்தே சொல்ல வேண்டும். 'பிரதர்-இன்-லா' என்பதும் அப்படியே: அக்காள் கணவரா, மனைவியின் தம்பியா என்று பிரித்து எழுத வேண்டும். அங்கே இறந்தவரின் சம்பள நிலுவையைப் பெறும் காகிதத்தில் இந்தப் பிழை, பங்கு யாருக்கு என்ற கேள்வியையே மாற்றிவிடும்.

சோதனை எளிது. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் உறவு தமிழில் இருந்தால், ஆங்கில மொழிபெயர்ப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, தமிழிலிருந்தே உறவைப் படியுங்கள். சித்தப்பாவும் பெரியப்பாவும் தந்தையின் உடன்பிறந்தார் என்றால் 'அம்மு', ஆனால் தாயின் சகோதரியின் கணவரையும் நாம் அப்படி அழைப்பதால் கேட்டு உறுதி செய்யுங்கள். மாமா என்றாலும் நின்று கேளுங்கள், ஏனெனில் தாயின் உடன்பிறந்தாரையும் அத்தையின் கணவரையும் நாம் அப்படியே அழைக்கிறோம். குடும்பத்தார் வந்திருந்தால், 'உங்க அம்மாவுக்கு அவரு கூடப்பிறந்தவரா?' என்று ஒரு கேள்வி போதும்.

சோதித்து முடித்தாலும், இந்த வகைக் காகிதத்தை நாமே முடித்துக்கொள்ளக் கூடாது. அமீரக நீதிமன்றங்களுக்குப் போவதாக இருந்தால் அந்நாட்டு நீதி அமைச்சகத்தில் பதிவு பெற்ற சட்ட மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும். மற்ற நாடுகளுக்கு, காகிதத்தைப் பெறும் அலுவலகத்திடமே யாருடைய மொழிபெயர்ப்பை ஏற்பீர்கள் என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது ஆங்கிலப் படியோடு தமிழ் மூலத்தையும், கடவுச்சீட்டு நகலையும், உறவுகளைப் பெயர் பெயராக விரித்தெழுதிய ஒரு தாளையும் சேர்த்துக் கொடுங்கள். அரபு வரைவு வந்ததும் அந்தத் தாளை அருகில் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்த உறவு வந்திருக்கிறது என்று அவரையே வாசித்துச் சொல்லச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு முத்திரை இடச் சொல்லுங்கள்.